கெமுந்திங் ஐஸ்கிரீம் அக்காவுடையது

"தங்கச்சி செய்த ஐஸ்கிரீம் எங்கள் அம்மா சொல்லிக் கொடுத்தது. நினைவு மலரில் தவறாமல் போடவும்." அக்கா மறைந்த ஒன்பதாம் நாள் காலையில் பெரியப்பா மகன் எனக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இது. போட்டுவிட்டேன். மற்றதையும் போடுகிறேன்.

அக்கா செமோருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார்கள். தோட்டம் கைமாறியதும் குனோங் ராபாட்டுக்கு வந்தோம். அப்பா படுத்த படுக்கையானார். அக்கா கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்து என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார்கள். தமக்கென்று குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை.

ஓய்வுபெற்ற பின், பழைய ஈயச் சுரங்க மணல்மேட்டில் கெமுந்திங் பழம் பறிக்கப் போவார்கள். புதரில் தானாகக் காய்க்கும் கருநீலப் பழம். அதை மசித்து, துணியில் விதை நீக்கி, தேங்காய்ப்பாலும் சீனியும் கலந்து உறைய வைப்பார்கள். கட்டியாகிவிடாமல் இடையிடையே எடுத்துக் கிளறுவார்கள்.

ஒரு தீபாவளியன்று அதைப் பரிமாறியபோது, வாட்ஸ்அப் அனுப்பிய மேற்படி அண்ணன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"குரங்கு திங்கிற பழத்த மனுசனுக்குக் கொடுக்கிறியா, தங்கச்சி?"

வீடே சிரித்தது.

"குரங்கு பாத்துத்தான் திங்கும்ணே. நீங்க கடை ஐஸ்கிரீமே சாப்பிடுங்கலா" என்றார்கள் அக்கா.

தொண்டைப் புற்றுநோயின் கடைசி மாதத்தில் அக்காவுக்கு உள்ளே இறங்கியது அந்த ஐஸ்கிரீம் மட்டுமே. அண்ணன் ஒரு முறை வந்தார். கட்டிலருகே நின்று படம் எடுத்துக்கொண்டார். போய்விட்டார்.

கருமாதிப் படையலுக்கு, "எங்க வீட்டு ஐஸ்கிரீம நானே கொண்டு வாரேன்" என்று அறிவித்து, சொன்னபடியே கொண்டு வந்தார். படையல் முடிந்து சாப்பிட்டவர்கள் நாக்கெல்லாம் கறுத்துப்போயிற்று. அவர் பறித்தது கெமுந்திங் அல்ல, செண்டுடுக். வாயைக் கறையாக்கும் பழம் என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். அந்தக் கரிய வாயோடுதான் அவர் நன்றியுரை ஆற்றினார்.

தம்பி கேட்டான்: "பெரியம்மா இதத்தான் சொல்லிக் கொடுத்தாங்களாண்ணே?"

"பூ ரெண்டும் ஒரே மாதிரி இருக்குலா!"

பெரியம்மா காலமான மறுவருடம்தான் அவர்கள் வீட்டுக்கு முதல் ஃபிரிட்ஜ் வந்தது. தூக்கி உள்ளே வைத்தவர்களில் நானும் ஒருவன். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஐஸ்கிரீம் கற்பித்த பெருமையைப் பெரியம்மாவே ஏற்கமாட்டார். அக்காவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்களாகவே செய்து, கெடுத்து, மறுபடி செய்து கற்றுக்கொண்டார்கள். இந்த மலரில் அப்படித்தான் நிற்கும்.

தம் ஃபிரிட்ஜில் இடம் கொடுத்து, அக்காவுக்குக் கரண்டியால் ஊட்டியும் விட்ட பக்கத்து வீட்டுச் சீன அம்மாவுக்கும், இரவு பகலாக உடனிருந்த தம்பி மனைவிக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. படம் எடுக்க வந்தவருக்குப் படமே போதும்.

அந்தத் தீபாவளிக்குப் பிறகு அண்ணன் பலமுறை பின்வாசல் வழியாகத் தனியே வந்து, கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "யாருகிட்டயும் சொல்லாத தங்கச்சி" என்று கேட்டுக்கொண்டதாக அந்தச் சீன அம்மா சொல்கிறார். அக்கா என்னிடம் சொன்னதில்லை. அண்ணனிடம் கேட்டேன், போனை வைத்துவிட்டார். இத்தகவல் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.