மரக்கோயிலில் அக்கா கல்யாணம்

போடிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் துரைமார் கட்டிய கிறிஸ்தவக் கோயிலில் ஒரு கல்சுவர்கூடக் கிடையாது. கரையானுக்குப் பயந்து குட்டைக் கல்தூண்களின்மேல் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். சுவர், தரை, கூம்பு சன்னல் எல்லாம் பலகை. உள்ளே அண்ணாந்து பார்த்தால் கூரை கவிழ்த்துப் போட்ட தோணி போலிருக்கும். அவ்வளவு வேங்கைப் பலகையும் எங்கள் அப்பாவின் மரக்கடையிலிருந்து காணிக்கையாகப் போனது. பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றுதான்: மூத்த மகளின் கல்யாணம் அங்கே நடக்கவேண்டும். மாப்பிள்ளை அந்தத் தோட்டத்திலேயே குமாஸ்தா. தோட்டத்துத் துரை அனுமதி கொடுத்தார்.

அனுமதி என்றால் நிபந்தனையும் உண்டு. பின்னாளில் சர்க்கார் கோப்புகளில் நானும் அப்படித்தான் எழுதினேன். கோயிலுக்குள் யாரும் வெறுங்காலோடு வரக்கூடாது. பாதம் பட்டால் தரைக்குப் பூசிய மெழுகு கெட்டுவிடுமாம். பூட்ஸ் ஆணி பட்டால் கெடாது போலும்.

எங்கள் பக்கத்து வேதக்காரர்கள் வாசலில் செருப்பைக் கழற்றாமல் எந்தக் கோயிலுக்குள்ளும் போனதில்லை.

"துரை சொல்லிட்டாக. கொஞ்ச நேரந்தானே, மாட்டிக்கிட்டு வாங்க" என்று அம்மா கெஞ்சினாள்.

"துரையைக் கும்பிடணும்னா நீ போ. சாமி முன்னால நான் செருப்போட நிக்க மாட்டேன்."

"சத்தம் போடாதீக. மாப்பிள்ளை வேலைக்கு உலை வச்சிராதீக."

 அப்பா செருப்பைப் படியில் விட்டுவிட்டு, தூறலில் இறவாரத்தடியில் போய் நின்றுகொண்டார். நாங்கள் புதுக் கான்வாஸ் சப்பாத்துகளில் தடதடவென்று உள்ளே போனோம்.

பாதிரி ஐயர் முறைப்படி கேட்டார்: "இந்தப் பெண்ணைக் கொடுக்கிறவர் யார்?"

"நாந்தான்யா!"

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அப்பாவின் குரல். கொடுப்பவர் பெண்ணின் வலக்கையைப் பிடித்து ஐயரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. சுவர் வழியாக அது நடக்காது. ஐயர் முன்வரிசையில் இருந்த துரையைப் பார்த்தார். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். அக்கா அழுதாள். கல்யாணப்பெண் என்றால் அழுவாள்தானே என்று நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலையிறங்கும்போது அப்பாவிடம் ஓடினேன்.

"எப்பா, துரையே எந்திரிச்சு வந்து அக்காவைக் கொடுத்தாகப்பா! போடியில வேற யார் வீட்ல இப்படி நடந்திருக்கு?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் நடந்தார். புதுச் சட்டை நனைந்துபோன வருத்தம் என்று நினைத்து, வெளுத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன்.