சம்பந்தி சொன்ன வெங்காயம்

தம்போய் வட்டாரத்தில் பீரை ருசிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் என்பது ரூபேந்திரனின் முடிவான கருத்து. அந்த ஒருவர் யார் என்பதை அவர் அடக்கம் கருதிச் சொல்ல மாட்டார். கேட்பவர் தாமாகக் கண்டுபிடிக்கும்வரை பேசிக்கொண்டிருப்பார்.

மலேசியாவில், குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். தம்போயில் வரிசை வீடு வாங்கினார். விடியுமுன் மோட்டார்சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூர் போய் ஏர்கோன் பழுதுபார்த்துவிட்டு இருட்டியபின் திரும்புகிறார். மனைவி பிரேமலா. ஒரே மகள் சாந்தினி. வரலாறு எழுதுகிறவர்களுக்கு இதுவரை வேலையே இல்லை. அவர்கள் பேனாவைத் திறக்க வேண்டிய இடம் அந்த வீட்டுப் பின்கட்டுச் சமையலறை. அங்கே சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில், மூடி போட்ட இரண்டு வெள்ளை வாளிகளில், அவரே காய்ச்சிய பீர் நுரைத்துக்கொண்டிருக்கும்.

"அந்தக் காலத்துல தோட்டத்துல சம்சு காய்ச்சி ஒளிஞ்சி குடிச்சாங்க. இவரு பேரு வச்சி, லேபல் ஒட்டிக் குடிக்கிறாரு. அவ்ளோதான் முன்னேத்தம்" என்பார் பிரேமலா.

பீருக்குக் கசப்பும் மணமும் தருவது ஹாப் என்னும் கொடியின் பூ. காயவைத்து அரைத்து, கோழித்தீனி போல் பச்சை உருண்டைகளாக்கிப் பொட்டலத்தில் விற்கிறார்கள். ரசத்துக்கு எப்படிப் பெருங்காயமோ, பீருக்கு அப்படி ஹாப். அதில் வகை ஏராளம். எந்த வகை மட்டம் என்பதில்தான் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களின் நட்பெல்லாம் முறியும்.

ரூபேந்திரன் நடத்திய 'ஜோகூர் நுரை நண்பர்கள்' வாட்சாப் குழுவிலும் அந்தச் சண்டை ஓயாது. சொராச்சி ஏஸ் என்ற ஜப்பான் வகையைப் போட்டால் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சதகுப்பை மருந்துபோல் இருக்கிறது என்பார் ஒருவர். சப்ரோ போட்டால் தேங்காயெண்ணெய் தேய்த்த தலையை நக்கியதுபோல் என்பார் இன்னொருவர். இவற்றையெல்லாம் ரூபேந்திரன் பெருந்தன்மையோடு அனுமதித்தார். ஆனால் சம்மிட் என்ற வகையை யாரும் குறை சொல்லக்கூடாது. அதில் ஆரஞ்சுத் தோல் மணக்கிறது என்று அவர் தீர்ப்பு எழுதிவிட்டார். பெரிய பொட்டலமாக வாங்கி ஐஸ் பெட்டியை நிரப்பியும் விட்டார்.

"மச்சான், இது ஆரஞ்சு இல்லடா. பாவாங் லா, பாவாங்! குடிச்சதுலேர்ந்து ஏப்பம் ஏப்பமா வருது" என்று பாதி மலாயில் எழுதினார் கிரகோரி. மாசாயிலிருந்து வரும் பழைய நண்பர்.

ரூபேந்திரன் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார். நாக்கு இல்லாதவனுக்கு நுரை எதற்கு என்று காரணமும் பதிவிட்டார்.

இந்த நாக்கின் பெருமை உச்சத்தில் இருந்தபோதுதான் சாந்தினிக்கு இடம் வந்தது. இடம் வந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. சாந்தினியும் ஜீவனும் சிங்கப்பூரில் ஒரே மருத்துவமனையில் வேலை செய்து, தாங்களே பேசி முடித்து, பிறகு பெற்றோரை அறிமுகம் செய்தார்கள். ஜீவனின் அப்பா வீரமுத்து தங்காக்கில் துணிக்கடை வைத்திருப்பவர். அம்மா கிருஷ்ணம்மா அந்தக் கடையின் கல்லாவிலும் வீட்டின் கல்லாவிலும் இருப்பவர். பரிசத்துக்கு நாள் குறிக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் தம்போய்க்கு வந்தார்கள்.

சாப்பாடு முடிந்து பெண்கள் உள்ளே போனதும் ரூபேந்திரன் தன் சம்மிட் பீரைத் திறந்தார். தட்டில் நெத்திலி வறுவல், மேலே வட்டம் வட்டமாக நறுக்கிய பச்சை வெங்காயம், எலுமிச்சை. அது இல்லாமல் அவர் ஒரு நாளும் பீர் குடித்ததில்லை.

"எடுத்துக்குங்கண்ணே."

"இல்லங்க, கடவாப்பல்லு வலி. மெல்ல முடியாது" என்று வீரமுத்து தட்டை நாசூக்காகத் தள்ளிவிட்டார். அவர் குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. புடவையைப் புரட்டிப் போட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவர்களுக்கும் கும்பிடு போட்டுப் பழகியவர்.

"சரி, பீர மட்டும் குடிங்க. முழுங்கிடாதீங்க. வாயில வச்சிக்கிட்டுக் கண்ண மூடுங்க. யோசிக்கக் கூடாது. மொத மொதல்ல நெஞ்சுல என்ன வார்த்த வருதோ, அத ஒத்த வார்த்தையில சொல்லணும். பெரிய பெரிய ஜட்ஜுங்கல்லாம் அப்படித்தான் செய்வாங்க."

வீரமுத்து சொன்னபடியே செய்தார். கண்ணை மூடினார். வாயில் வைத்திருந்தார். விழுங்கினார். பிறகு, கட்டளைப்படி ஒற்றை வார்த்தையில் சொன்னார்:

"வெங்காயம்."

தமிழனை இன்னொரு தமிழன் ஒற்றை வார்த்தையில் வெங்காயம் என்றால் அதற்கு என்ன பொருள் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ரூபேந்திரன் காதில் அது முழுதாக விழுந்தது. தன் வீட்டில், தன் பீரைக் குடித்துவிட்டு, தன்னைப் பார்த்து!

"என்னண்ணே சொன்னீங்க?"

"வெங்காயம்" என்றார் வீரமுத்து, கொஞ்சம் தெளிவாக. ரூபேந்திரனுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தவர், மேலும் உதவியாக, "நல்லா வெங்காயம்" என்றார்.

ரூபேந்திரன் எழுந்துவிட்டார்.

"பொண்ணு குடுக்குறவன்னா எளக்காரமா? மொழம் போட்டுத் துணி கிழிக்கிறவனுக்கு ருசின்னா என்னன்னு தெரியுமா? எந்திரிங்க! இந்தச் சம்பந்தமே வேணாம்!"

வீரமுத்து கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். சத்தம் கேட்டு வாசற்படிக்கு வந்திருந்த மனைவியைப் பார்த்து, "வா, போலாம்" என்றார். அவ்வளவுதான் பேசினார். கிருஷ்ணம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் இறங்கினார். கார் தெருமுனை திரும்பும்வரை ரூபேந்திரன் இடுப்பில் கைவைத்து, மானம் காத்தவராக நின்றுகொண்டிருந்தார்.

உள்ளே வந்தபோது பிரேமலா கையில் அதே கிளாஸ் இருந்தது. நடந்ததை அவர் ஆவேசமாகச் சொல்லச் சொல்ல, பிரேமலா ஒரு வாய் குடித்துப் பார்த்தார். முகம் கோணியது.

"என்னங்க, இது வெங்காயம்தாங்க."

"நீயுமா?"

"ஐயோ, திட்டலங்க! வெங்காயம், வெங்காயம்! பாவாங்! அழுகுன பாவாங் மாதிரி நாத்தம் அடிக்குது. வாயக் கொப்புளிச்சிட்டு வந்து குடிச்சிப் பாருங்க. அந்தத் தட்டத் தொடாதீங்க."

ரூபேந்திரன் குழாயடிக்குப் போனார். கொப்புளித்தார். திரும்பி வந்து, வாழ்க்கையில் முதல் முறையாக, வெறும் வாயோடு தன் பீரைக் குடித்தார்.

பாவாங்தான்! மலாயில் நூறு தடவை கேட்ட சொல். ஒரு தடவையும் உறைக்கவில்லை. தமிழில் அது திட்டாக மட்டுமே உறைத்தது. வாயில் எப்போதும் தட்டிலிருந்த வெங்காயம் இருந்ததால், கிளாஸிலும் வெங்காயம் இருப்பது நாக்குக்குப் புதுச் செய்தியாகத் தோன்றவே இல்லை. பாவம், அது என்ன செய்யும்!

ஒரு நப்பாசையில் கிரகோரிக்குப் போன் போட்டார்.

"மச்சான், உண்மைய சொல்லு. அந்த சம்மிட்…"

"அலமாக்! அதச் சொன்னதுக்குத்தானேடா என்னைய வெரட்டுன? இப்ப என்னாச்சு?"

"சும்மாத்தான் கேட்டேன்" என்றார் ரூபேந்திரன். போனை வைத்துவிட்டார்.

சாந்தினி அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருக்கலாம். "ஒரு பீருக்காப்பா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதன் பிறகு அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டு மேசையில் அவர் உட்கார்ந்தால் அவள் தட்டை எடுத்துக்கொண்டு மெதுவாக எழுந்து போவாள். ஜீவனின் போன் வந்தால் வெளியே போய்ப் பேசுவாள். ரூபேந்திரன் ஜன்னல் ஓரத்தில் நின்று, கேட்காமல் இருக்க முயன்று, ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டார். "எங்கப்பா அப்படித்தான்" என்று அவள் தன் பக்கத்தை விட்டுக்கொடுத்தது அவருக்கு நெஞ்சில் குத்தியது. வாளிகளைக் கழுவிக் கவிழ்த்தார். சம்மிட் பொட்டலத்தைக் குப்பையில் போட்டார். வெட்கம் அதனாலெல்லாம் குறைகிற சாதி இல்லை.

அடுத்த ஞாயிறு மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு தங்காக்குக்குப் புறப்பட்டார். நெடுஞ்சாலை முழுக்க மன்னிப்பை மனப்பாடம் செய்தார். வீட்டுக்குப் போய், நாலு சுவருக்குள், இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவது திட்டம். ஆனால் தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. வீரமுத்து கடையில் இருந்தார். கடையிலோ கால் வைக்க இடமில்லை.

புடவைக் குவியலுக்கு அந்தப் பக்கம் வீரமுத்து, இந்தப் பக்கம் ரூபேந்திரன். நடுவில் ஜோகூர் மாநிலத்துத் தமிழ்ப் பெண்களில் பாதிப் பேர் நின்றார்கள்.

"அண்ணே, நீங்க என்னைய வெங்காயம்னு சொன்னது…" என்று தொடங்கினார்.

நான்கைந்து தலைகள் திரும்பின.

வீரமுத்து பதறிப்போனார். "ஐயையோ, ஒங்கள சொல்லலங்க! பீரத்தாங்க சொன்னேன். நீங்கதான் ஒத்த வார்த்தையில சொல்லச் சொன்னீங்க. ராத்திரில்லாம் தூக்கம் வரல எனக்கு. ஆரஞ்சுன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்னு நெனச்சேன்."

"இல்லண்ணே. பீரு வெங்காயம்தான். என்னையும் சேத்துச் சொன்னதாவே இருக்கட்டும்."

இது மனப்பாடம் செய்ததில் இல்லாத வாக்கியம். இத்தோடு முடிந்தது என்று நினைத்துக் கையை நீட்டினார். அப்போது கல்லாவிலிருந்து குரல் வந்தது.

"இன்னும் முடியலங்க" என்றார் கிருஷ்ணம்மா. "ஒங்க பீரு எப்படி இருந்தா எங்களுக்கென்ன? வெங்காயம்ங்கறது ஏதோ தப்பாக் காதுல விழுந்திருச்சி, சரி. மொழம் போட்டுத் துணி கிழிக்கிறவன்னு சொன்னீங்களே, அது தப்பா விழல. சரியாத்தான் விழுந்திச்சி. அதுலதான் எம்புள்ள படிச்சான்."

துணி அளந்துகொண்டிருந்த பெண் முழக்கோலை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த மன்னிப்பு முழுவதும் தவறான குற்றத்துக்கானது என்பது ரூபேந்திரனுக்கு அப்போதுதான் புரிந்தது.

"தப்புங்க" என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னார். "அந்தப் பேச்சு பேசுனது தப்பு. வாய்க்கு வந்தத பேசிட்டேன். எம்பொண்ணுக்கு அதுல சம்பந்தம் இல்ல. என்னைய என்ன வேணா சொல்லுங்க."

கிருஷ்ணம்மா அவரைத் தாண்டிப் பார்த்து, "சாந்தினி, ஏன்மா வாசல்லயே நிக்கிற? உள்ள வா" என்று தன் பக்கத்து முக்காலியைக் காட்டினார்.

சாந்தினி அப்பாவைக் கடந்து போனாள். போகும்போது, குனிந்திருந்த அவர் தோளை லேசாகத் தொட்டு, "ஓரமா நில்லுங்கப்பா, வர்றவங்களுக்கு வழி விடுங்க" என்றாள். ஒரு வாரத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு. அவர் உடனே ஓரமாக நின்றார்.

"தை மாசம் பரிசம் வச்சிக்கலாம்" என்றார் வீரமுத்து, எல்லாவற்றையும் சீக்கிரம் முடித்துவிடும் அவசரத்தோடு. "ஹால் நாங்க பாக்குறோம். சாப்பாடு ஒங்க பக்கம். குடிக்கிறதுக்கு மட்டும்…" என்று இழுத்துத் தலையைச் சொறிந்தார்.

"பண்டுங் போதும்" என்றார் கிருஷ்ணம்மா. "ஐஸ் போட்டு, ரோஸ் கலர்ல, எல்லாரும் குடிக்கிற மாதிரி."

எல்லோரும் ரூபேந்திரனைப் பார்த்தார்கள். பண்டுங்கில் ரோஜாப் பாகு எவ்வளவு, பால் எவ்வளவு என்பது பற்றியும் அவருக்கு ஓர் உறுதியான கருத்து இருந்தது. அது நாக்கின் நுனிவரை வந்தது.

"சரிங்க" என்றார்.