கடைசி இரண்டு நிக்கல் கம்பிகள்

நெளுக்குளத்தில் மஸாஹிரின் வெல்டிங் கடைக்கு அவசரமாக வந்தவர் எவரும் அவசரமாகத் திரும்பியதில்லை. மனிதருக்கு அவ்வளவு நிதானம், வாய்தான் கொஞ்சம் துடுக்கு. போர்க்காலத்தில் புத்தளத்துக்கு இடம்பெயர்ந்திருந்தபோது பழகிய தொழில் அது. கேற்றும் கூரைக் குழாயும் யாரும் ஒட்டுவார்கள். உடைந்த வார்ப்பிரும்பு என்றால் நெடுங்கேணியிலிருந்தும் இவரைத் தேடி வருவார்கள்.

வார்ப்பிரும்பு பொல்லாத சாமான். சாதாரணக் கம்பியால் ஒட்டினால் அப்போதைக்குப் பிடிக்கும், ஆறும்போது பக்கத்திலேயே வெடிக்கும். நிக்கல் கம்பி கொஞ்சம் இளகிக் கொடுக்கும். அப்படி ஒட்டியதையும் சூட்டோடு உமிச்சாம்பலில் புதைத்து மறுநாள்வரை தொடாமல் விடவேண்டும்.

அன்று அவரிடம் நிக்கல் கம்பி இரண்டுதான் மிச்சம். அவை மனைவி றிப்காவின் மா மில்லுக்கு. மில்லின் வார்ப்பிரும்புக் கால் வெடித்து நின்றுவிட்டது. ஹஜ்ஜுப் பெருநாள் இடியப்பத்துக்கென்று அயலவர் கொடுத்த அரிசி சாக்கில் காத்திருந்தது. இவரோ "நாளைக்கு, நாளைக்கு" என்று இழுத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நெடுங்கேணி பஸ்ஸிலிருந்து பத்மாசனி உரப்பையோடு இறங்கினாள்.

"நானா, தண்ணிப் பம்ப். எங்கட வீட்டுக்காரர் சாதாரணக் கம்பியால ஒட்டுவிச்சவர், திரும்ப வெடிச்சுப்போட்டுது. நெல்லு குடலையில நிக்குது, கதிர் வெளிய வாற நேரம், வாய்க்காலும் வத்திப்போச்சு. நாளைக்குத் தண்ணி போகாட்டி எல்லாம் அரிசியில்லாத சப்பிதான்."

மஸாஹிர் வெடிப்பை விரலால் தடவினார்.

"இதுக்கு ரெண்டு கம்பியும் முடியும், தங்கச்சி. அது மனிசியின்ர மில்லுக்கு வைச்சது. இனி அடுத்த கிழமைதான் கொழும்பால வரும்."

பத்மாசனி பையைக் கட்டத் தொடங்கினாள். முடிச்சு விழவில்லை, அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். அதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. றிப்காவிடம் போய்க் கேட்கவும் தைரியம் வரவில்லை. இருதலைக் கொள்ளி எறும்பாக நின்றார்.

பக்கத்து மில் கொட்டிலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த றிப்கா, உமிச்சாம்பல் வாளியோடு வந்து அவர் காலடியில் வைத்தாள்.

"மாவை உரலில இடிச்செண்டாலும் எடுக்கலாம். உரலால வயலுக்குத் தண்ணி இறைக்கேலுமோ? ஒட்டுங்கோ."

ஒட்டி முடிய மாலையாகிவிட்டது. பத்மாசனிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"கடைசி பஸ் போகப்போகுது, நானா. சூட்டோட சாக்கில சுத்திக்கொண்டு போறனே?"

"போகலாம். நெடுங்கேணியில ரெண்டு துண்டா இறக்கலாம்."

"அவர் அப்பிடித்தான் கதைப்பார், அக்கா. இண்டைக்கு எங்களோட நில்லுங்கோ, வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கோ" என்று றிப்கா அவளைக் குசினிக்குள் கூட்டிப்போனாள்.

காலையில் பம்பைச் சாம்பலிலிருந்து எடுத்து மஸாஹிர் சின்னச் சுத்தியலால் தட்டினார். பெண்கள் இருவரும் குனிந்து காது கொடுத்தார்கள். கிண்ணென்று கேட்டது. வெடிப்பு இருந்தால் அப்படிக் கேட்காது. பத்மாசனி அழுதேவிட்டாள். முதல் பஸ்ஸிலேயே பம்பை மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

அவளை ஏற்றிவிட்டு நல்ல மனதோடு திரும்பிய மஸாஹிர் முற்றத்தில் திகைத்து நின்றார். ஊறவைத்த அரிசி நீர் வடிந்து கிடந்தது. உரல் கழுவியிருந்தது. றிப்கா உலக்கையை நீட்டினாள்.

"நாளைக்கு எண்டு மட்டும் சொல்லிப்போடாதைங்கோ."

நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை இடித்தார். இந்நேரம் நெல்லுக்குத் தண்ணீர் பாய்ந்திருக்கும் என்று நினைக்க மனம் குளிர்ந்தது. உலக்கையின் பாரம்தான் குறையவில்லை.