டேலி அக்காவின் பத்து மதிப்பெண்

விமானத்தின் வயிற்றுக் கதவருகே பதினோரு வருஷம் நின்று பெட்டி எண்ணியவளுக்கு, பெட்டியை எந்தப் பக்கம் முதலில் இறக்க வேண்டும் என்று தெரியாதாம். அவளுடைய விடைத்தாள் அப்படித்தான் சொன்னது. பதினான்காவது கேள்வி, பத்து மதிப்பெண். சிவப்பு மையில் பெரிதாக ஒரு சுழி, அதைச் சுற்றி இன்னொரு வட்டம். ஒரு சுழி போதாது என்று திருத்தியவர் நினைத்திருப்பார் போலிருக்கிறது.

விமான நிலையத்தில் அவளை எல்லோரும் டேலி அக்கா என்பார்கள். ஏறுகிற பெட்டி, இறங்குகிற பெட்டி எல்லாவற்றையும் எண்ணி டேலி பார்ப்பது அவள் வேலை. வெயிலில் கான்கிரீட் தகிக்கும். காதில் பஞ்சு வைத்திருந்தாலும் இன்ஜின் சத்தம் பல்லுக்குள் வந்து உட்காரும். அந்த இடத்தில் நின்றுகொண்டு மூன்று பேருக்கு அவள் வேலை கற்றுக்கொடுத்தாள். மூவரும் டிகிரியோடு வந்தவர்கள். வந்த புதிதில் எந்தக் கதவின் பிடியை எந்தப் பக்கம் திருப்புவது என்றுகூடத் தெரியாது. ஆறே மாதத்தில் ஒருவர் பின் ஒருவராக அவளுக்கே சூப்பர்வைசர் ஆனார்கள். மூன்றாவது தடவை அவளும் விண்ணப்பம் கொடுத்தாள். அலுவலகத்தில் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"டிகிரி இருக்காம்மா?" என்று மட்டும் கேட்டார்கள்.

அந்தக் கோபத்தில்தான் முப்பத்தாறு வயதில் விமானப் போக்குவரத்து மேலாண்மை இளங்கலையில் சேர்ந்தாள். விடியற்காலை ஷிப்ட் மதியத்தோடு முடியும். நேரே கல்லூரி. பஸ்ஸிலேயே மஞ்சள் ஜாக்கெட்டைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டு, கழுத்தில் டை கட்டிக்கொள்வாள். ஆமாம், டை. அங்கே எல்லோரும் டை கட்ட வேண்டும், தலைமுடியை வலை போட்டு இறுக்க வேண்டும், பல் தெரியச் சிரிக்க வேண்டும். அதற்கும் மதிப்பெண் உண்டு. பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் புருஷன், முதல் தடவை அவள் வீட்டில் டை கட்டிப் பார்த்தபோது, "இன்டர்வியூவுக்கா போற, இல்ல கல்யாண போட்டோவுக்கா?" என்று கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டான். ஆனாலும் மூன்று வருஷமும் சமையலறையை அவன்தான் பார்த்துக்கொண்டான். சாதம் குழைந்தாலும் அவளும் மகளும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு மகள் சாயங்காலங்களில் அம்மாவுக்குக் கேள்வி கேட்பாள்.

வகுப்பில் மற்ற நாற்பத்தோரு பேரும் இருபது வயதுப் பிள்ளைகள். சரக்கேற்றம் பாடத்துக்கு வந்தவரை அவர்கள் நோட்ஸ் சார் என்பார்கள். பழுத்துப்போன ஒரு நோட்டைப் பிரித்து, முற்றுப்புள்ளி உட்பட அப்படியே சொல்லுவார், பிள்ளைகள் அப்படியே எழுதுவார்கள். விமானத்தில் அவர் இரண்டு தடவை போயிருக்கிறார், ஜன்னலோரமாக. அந்த நோட்டில்தான் எழுதியிருந்தது: இறக்கும்போது முன்பக்க அறையை முதலில் காலி செய்க, பின்பக்கத்தைப் பிறகு.

எந்தக் காலத்தில் எவர் மாற்றி எழுதினாரோ. முன்பக்கத்தைக் காலி செய்துவிட்டுப் பின்பக்கத்தில் பாரத்தை விட்டுவைத்தால் என்ன ஆகும்? வால் கனக்கும், மூக்கு தூக்கும். டேலி அக்கா அதைக் கண்ணால் பார்த்தவள். ஒரு தடவை அவசரத்தில் எவனோ முன்பக்கத்தை வழித்தெடுத்துவிட, முன்சக்கரம் ஒரு சாண் உயரத்துக்குத் தரையை விட்டு எழும்பியது. படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு கர்ப்பிணி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அலறினாள். அந்த அலறல் டேலி அக்காவுக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால் பரீட்சையில் பின்பக்கம் முதலில் என்று எழுதி, காரணமும் எழுதி, சக்கரம் போட்டுப் படமும் வரைந்து வைத்தாள்.

வந்தது முப்பத்தாறு. தேற நாற்பது வேண்டும். எந்த விமானப் போக்குவரத்து மாநாடு எந்த வருஷம் நடந்தது என்பதையெல்லாம் அவள் கோட்டை விட்டது உண்மைதான். அதற்கு அவள் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. இந்தப் பத்துக்குத்தான் போனாள். சூப்பர்வைசர் வேலைக்கு மறுபடி ஆள் எடுக்கிறார்கள், வெள்ளிக்கிழமை கடைசி நாள். மற்ற பாடங்களெல்லாம் தேறிவிட்டாள். இது ஒன்றுதான் வழியில் கிடக்கிறது.

"நோட்ஸ்ல இல்லாததை எழுதினா நான் எப்படிம்மா மார்க் போடறது?" என்றார் நோட்ஸ் சார்.

"சார், நோட்ஸ் தப்பு."

"இருபது வருஷமா இதைத்தான் சொல்லித் தர்றேன்."

அதைப் பெருமையாக வேறு சொன்னார். டேலி அக்காவுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது. அங்கே நின்று பேசிப் பயனில்லை என்று நேரே முதல்வர் அறைக்குப் போனாள். நோட்ஸ் சாரும் பின்னாலேயே வந்தார்.

முதல்வர் நல்ல மாதிரிதான். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். இந்த மாதிரி நல்லவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவர் டைப் அடித்த ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். என் விடை தவறு, தேர்ச்சிக்காகக் கருணை மதிப்பெண் நான்கு வழங்கக் கோருகிறேன் என்று அதில் இருந்தது.

"ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. மார்க் ஷீட்ல சின்னதா ஒரு ஸ்டார் விழும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைக்குள்ள கையில கிடைச்சிடும்."

அவள் பேனாவை எடுத்தாள். எடுத்தாள் என்பதை மறைப்பானேன்? புருஷன் குழைய வடித்த சாதமும், கேள்வி கேட்டுக்கேட்டுத் தூங்கிவழிந்த மகளின் முகமும் நினைவுக்கு வந்தன. ஆனால் கை ஓடவில்லை. சரக்கேற்றத்துக்குச் சூப்பர்வைசர் வேலை கேட்டுப் போகிறவள், சரக்கேற்றப் பாடத்துக்கு நேரே கருணை ஸ்டாரைக் காட்டிக்கொண்டு நிற்பதா? அதுவும் சரியாக எழுதிவிட்டு!

பேனாவை மூடி வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். இப்போதைய சூப்பர்வைசரை, அவள் பழக்கிய மூன்றாவது ஆளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

"தம்பி, ஃப்ளைட் வந்து நின்னா எந்தப் பக்கம் முதல்ல இறக்கணும்?"

"என்னக்கா, என்னையே டெஸ்ட் பண்றீங்களா? பின்பக்கம்தான்." பின்னணியில் வண்டிகளின் சத்தம் கேட்டது. "முன்பக்கத்தை முதல்ல தொட்டா கையை ஒடிச்சிடுவேன்னு நீங்கதானே சொன்னீங்க."

முதல்வர் போன் பக்கம் குனிந்தார். "தம்பி, நீங்க எங்க படிச்சீங்க?"

"நீங்க யார் சார்?"

அவர் கல்லூரிப் பெயரோடு தான் யார் என்று சொன்னார்.

"வணக்கம் சார். நம்ம காலேஜ்தான். அங்க முன்பக்கம்னுதான் எழுதினேன். பத்துக்குப் பத்து."

நோட்ஸ் சார் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். முதல்வர் போனை அணைக்கும்படி சைகை காட்டினார். பிறகு விடைத்தாளை எடுத்து, சுழியை அடித்துவிட்டுப் பக்கத்தில் பத்து என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டார். இரண்டு நிமிஷம் ஆகவில்லை. இந்த இரண்டு நிமிஷ வேலைக்குத்தான் அவளை இப்படி அலைய விட்டார்கள்.

"உங்களுக்குப் போட்டாச்சும்மா. வெளியில பேச வேண்டாம். மத்தவங்க பேப்பரையெல்லாம் மறுபடி திருத்த முடியாது பாருங்க."

"நோட்ஸை மாத்திடுவீங்கல்ல சார்?"

"அடுத்த வருஷம் பார்க்கலாம்."

டேலி அக்கா எழுந்தாள். நாளைக்கும் நாளை மறுநாளும் இந்தக் கட்டடத்திலிருந்து முதல் வகுப்பில் தேறி வரப்போகிற அத்தனை பேரும் அவள் கண்முன்னே வரிசையாக வந்து, முன்பக்கக் கதவில் கை வைத்தார்கள்.

"அப்போ இனிமே வர்றவங்களுக்கும் அங்க வெயில்ல நின்னு நான்தான் சொல்லித்தரணும்," என்றாள். குரலை இறக்கவில்லை. "சரி, தர்றேன். இவருக்கு எதுக்கு சார் சம்பளம்?"

அவள் பதிலுக்காக அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.