அது தேசப்பன் கேள்வி சார்!

பொது விஞ்ஞானம் நடத்துகிற வாத்தியார் கூட்டுக் குடும்பத்து மூத்த மருமகள் மாதிரி. பௌதிகம், ரசாயனம், தாவரம், விலங்கு எல்லாம் அவன் தலையில்தான், நல்ல பேர் மட்டும் கணக்கு வாத்தியாருக்கு. சாக்பீஸ் தூளிலேயே பாதி வயிறு ரொம்பிய சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா?

எழுபதுகளின் தொடக்கம். பழவேற்காடு ஏரிக்கரையில் ஓர் உயர்நிலைப் பள்ளி. நான் பொதட்டூர்பேட்டைக்காரன், ஏரி என்றால் எங்கள் ஊரில் மாடு குளிப்பாட்டும் இடம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. திருத்தணியில் பார்த்திருந்த பெண்ணின் அப்பாவோ, "வேலை நிரந்தரமானா தாம்பூலம், இல்லேன்னா வேற இடம்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். எல்லாம் அந்த வருஷத்து இன்ஸ்பெக்‌ஷன் கையில். ஊத்துக்கோட்டைக்காரரான எங்கள் ஹெட்மாஸ்டர் தினமும் காலையில் எனக்கு அதை ஞாபகப்படுத்துவார்: "நைனா, அன்னிக்குப் பசங்க வாயத் தொறக்கலன்னா நீ மூட்டையக் கட்டிக்கினு பஸ் ஏற வேண்டியதுதான்!"

நாலு அறை

இதயத்தைப் படம் போட்டு விளக்கினால் பையன்களுக்கு அது கத்தரிக்காயாகத் தெரிந்தது. சரி, அசலையே காட்டிவிடுவோம் என்று கறிக்கடையில் ஓர் ஆட்டு இதயம் வாங்கிவந்தேன். காலையில் ஒன்பதாவது 'ஏ' பிரிவுக்கு அறுத்துக் காட்டினேன். மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. பிரமாதமான பாடம், நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு 'பி' பிரிவுக்குப் போக இதயம் வைத்த தட்டைத் தேடினால் தட்டு மட்டும் இருக்கிறது, கழுவிக் கவிழ்த்து! அட்டெண்டர் முனுசாமி மேல் மிளகு வாசனை. "யோவ், இதயம் எங்கேய்யா?" என்று கத்தினேன். மனுஷன் கொஞ்சமும் அசரவில்லை. "வெந்தப்புறம் பார்த்தேன் சார், நீ சொன்ன நாலு ரூமும் ஒண்ணாப் பூட்ச்சி!"

ஊதுவத்தி

அழுகின முட்டை வாடை அடிக்கிற வாயு ஒன்று உண்டே, ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதைச் சோதனைக் குழாயில் துளியூண்டு தயாரித்தேன். "யாருக்காவது குமட்டினால் வெளியே ஓடலாம்" என்று பெருந்தன்மையாக அனுமதி வேறு கொடுத்தேன். ஓடினது நான் ஒருத்தன்தான். வேப்ப மரத்தடியில் மூச்சு வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் வகுப்பு முழுக்க ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. முதல் பெஞ்சு தேசப்பன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "எங்க ஊட்டாண்ட கருவாடு காயப் போடறாங்க சார், அத்தப் பார்த்தா இது ஊதுவத்தி!"

ஒத்திகை

இன்ஸ்பெக்‌ஷன் நெருங்கியது. முக்கியமான கேள்வி பதிலையெல்லாம் ஒன்பதாவது 'ஏ'வுக்கு எழுதிப்போட்டு, "எல்லாரும் எல்லாவற்றையும் படிக்கணும்" என்று சொல்லி வைத்தேன். மறுவாரம் ஒத்திகை பார்த்தால், அடேயப்பா! காந்தம் பற்றிக் கேட்டேன். கன்னியம்மா மட்டும் எழுந்து மடமடவென்று ஒப்பித்தாள். ஒளிச்சேர்க்கை? வேறொருத்தன். துரு? தேசப்பன். 'நான் சார், நான் சார்' என்ற கூச்சலே இல்லை. என்ன ஒழுங்கு! நான் பூரித்துப்போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஹெட்மாஸ்டர் உள்ளேயே வந்துவிட்டார். "இன்னா மந்திரம் போட்ட நைனா? ஒரு கேள்விக்கு ஒரு ஆளுதான் எய்ந்துக்கிறான்!"

முறை

அந்த நாளும் வந்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து ஜீப்பில் இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். இறங்கும்போதே கதவுப் பிடி துருவேறிக் கையோடு வந்துவிட்டது. அந்தக் கடுப்போடு வகுப்புக்குள் நுழைந்தவர், பிடியைத் தூக்கிக் காட்டி, "இது ஏன் துருப் பிடிச்சுது?" என்றார்.

சுலபமான கேள்வி. எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒரு ஜீவன் அசையவில்லை. தேசப்பனின் இடத்தைப் பார்த்தேன், காலி. காய்ச்சலாம். ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் பஸ் கிளம்பும் நேரம் தெரிந்தது. திருத்தணிப் பெண் வேறு யாருடனோ மாலையும் கழுத்துமாகப் போவதும் தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கன்னியம்மா, உனக்குமா தெரியாது?" என்றேன் கெஞ்சலாக.

"தெரியும் சார். ஆனா அது தேசப்பன் கேள்வி. நாங்க சொல்லக் கூடாது."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. ஏரியில் எந்தக் குடும்பம் எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்களாம். ஒருத்தர் முறையில் இன்னொருத்தர் வலை போட்டால் ஊரே சண்டைக்கு வரும். பிள்ளைகள் என் கேள்விகளையும் அப்படியே சீட்டுக் குலுக்கிப் பங்கு போட்டுவிட்டார்கள்!

இன்ஸ்பெக்டர் பிடியை மேஜை மேல் வைத்தார். "சரி, அவன் வரலேன்னா?"

"அவன் ஊட்டாளுங்க யார்னா வரலாம் சார். அவன் தங்கச்சி ஆறாவதுல கீறா" என்றாள் கன்னியம்மா.

முனுசாமி ஓடிப்போய்த் தங்கச்சி எல்லம்மாவைக் கூட்டிவந்தான். அந்தப் பொண்ணுக்கு நான் ஓர் எழுத்துகூடச் சொல்லிக்கொடுத்ததில்லை. வீட்டில் அண்ணன் கத்திப் படித்ததைக் கேட்டதுதான். கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, ஒரே மூச்சில் ஆரம்பித்தாள்: "இரும்பானது காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் சேர்ந்து துருவாகிறது எம்மா சோறு போடு பசிக்கிது எனவே இரும்புக்கு வர்ணம் பூச வேண்டும்!"

இன்ஸ்பெக்டர் சிரித்த சிரிப்பில் மேஜை மேலிருந்த பிடி உருண்டு கீழே விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வகுப்பைப் பார்த்துப் பணிவாகக் கேட்டார்: "எனக்கு இன்னொரு கேள்வி கேக்க முறை இருக்கா, இல்லே முடிஞ்சுதா?"

ஆக, நான் பாடம் நடத்திய பிள்ளைகள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டிருக்க, நடத்தாத ஒரு பொண்ணு வாயைத் திறந்ததில்தான் எனக்கு வேலையும் பெண்டாட்டியும் நிரந்தரமாயின.