இடமிருந்து மூன்றாவது துப்பாக்கி

பதிமூன்று குதிரைகள் ஒரே வரிசையாகப் பாய்ந்து வரவேண்டும். பதிமூன்று துப்பாக்கிகள் ஒரே நொடியில் வெடிக்கவேண்டும். கேட்பவர் காதில் ஒரு சத்தம்தான் விழவேண்டும். இரண்டாவதாக ஒன்று கேட்டுவிட்டால் கந்தூரித் திருவிழா முடியும்வரை ஊர் அதைச் சொல்லிச் சிரிக்கும். துக்காலா சமவெளியில் ஆண்கள் இந்த ஒரு சத்தத்துக்காகத்தான் குதிரைக்குத் தீனி போடுகிறார்கள், துப்பாக்கி உரிமத்துக்காக அலுவலக வாசலில் நிற்கிறார்கள், வீட்டில் திட்டு வாங்குகிறார்கள்.

பூஷைப் அந்த வரிசையில் இடமிருந்து மூன்றாவது ஆள். முப்பத்தொரு வருடமாக அதே இடம். கால்வாய் இலாகாவில் மதகு திறந்து மூடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருடமாகிறது. ஒரே மகள் அகாதிர் நகரத்தில் இருக்கிறாள். மனைவி யம்னா இறந்து ஒன்றரை வருடம்.

வீட்டில் இரண்டு துப்பாக்கிகள் உண்டு. ஒன்று கௌதாரி வேட்டைக்கான இரட்டைக்குழல். மடக்கி, தோட்டா போட்டு, சுட்டு, துணியால் ஒரு துடைப்புத் துடைத்தால் வேலை முடிந்தது. யம்னா அதை 'அதிகாரி' என்பாள். மற்றது ஆள் உயரத்துக்கு நீண்ட நாட்டுத் துப்பாக்கி. குழலில் வெள்ளிப் பட்டைகள், கட்டையில் எலும்பு பதித்த வேலைப்பாடு. வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, கம்பியால் இடித்து இறக்கி, பின்னால் கேப்பு என்கிற சின்ன வெடிமூடியை வைத்துச் சுடவேண்டும். குண்டு கிடையாது, சத்தம் மட்டும்தான். சுட்ட அன்றே கொதிக்கும் நீரை ஊற்றிக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் போடாவிட்டால் மறுநாள் துருப் பிடித்துவிடும். அதற்கு யம்னா வைத்த பெயர் 'உங்க அம்மா'.

"தினம் வெந்நீர் கேக்குது, எண்ணெய் கேக்குது, அப்பவும் முணுமுணுக்குது. வேற யாரு?" என்பாள்.

தேநீர்க் கெண்டியில் ஒருமுறை பூஷைப் துப்பாக்கிக்கு வெந்நீர் வைத்துவிட்டார். அன்றே அவள் சந்தையிலிருந்து இன்னொரு கெண்டி வாங்கிவந்து, பிடியில் சிவப்பு நூல் கட்டிவைத்தாள். நூல் கட்டியது துப்பாக்கிக்கு. இப்போது தேநீர் குடிக்க அவர் ஒருவர்தான், எந்தக் கெண்டி எதற்கென்று கேட்க ஆளில்லை. ஆனாலும் அவர் மாற்றவில்லை.

பந்தயத் திடலின் கோடியில், குதிரைகள் வந்து நிற்குமிடத்துக்கு எதிரே, ஒரு தண்ணீர்த் தொட்டியும் பக்கத்தில் சின்ன மேடும் உண்டு. யம்னா அங்கேதான் நிற்பாள். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் பூஷைப் திரும்பிப் பார்ப்பார். அவள் தன் தலைத்துணியில் கை வைத்தால் அவருடையது வெடித்தது என்று அர்த்தம். பதிமூன்றும் சேர்ந்து இடித்த இடியில் யாருக்கும் தன் துப்பாக்கி தனியாகக் கேட்காது. கேப்பு படீரென்று வெடிக்கும், குதிரை துள்ளும், கண்ணை மூடும் புகை. உள்ளே மருந்து பற்றாமல் கிடந்தாலும் பிடித்தவனுக்கே தெரியாமல் போகலாம். தெரியாமல் அதன்மேல் இன்னொரு முறை மருந்து போட்டவர்களின் குழல் பிளந்திருக்கிறது, விரல்கள் போயிருக்கின்றன.

எட்டு வருடத்துக்கு முன் ஒருநாள் அவள் தலையில் கை வைக்கவில்லை. வேகமாக நடந்து கூடாரத்துக்கே வந்துவிட்டாள்.

"இன்னைக்கு உங்களுது பேசல."

"பேசாம என்ன? நீ போய் நிழல்ல உக்காரு."

"கம்பிய விட்டுப் பாருங்களேன், என்ன குறைஞ்சு போயிடும்?"

விட்டுப் பார்த்தார். கம்பி நாலு விரல் மேலே நின்றது. மருந்து அப்படியே இருந்தது.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"காது எதுக்கு இருக்கு?" என்றாள். அதற்கு மேல் எத்தனை முறை கேட்டும் சொன்னதில்லை. பதிமூன்றில் தன் கணவனின் சத்தத்தை மட்டும் பிரித்தெடுக்கும் காது அவளுக்கு உண்டென்று அவரும் நம்பிவிட்டார்.

அவள் இறந்தபிறகு, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் பூஷைப் கம்பியை விட்டுப் பார்க்கத் தொடங்கினார். வரிசையில் பக்கத்து ஆளான கசாப்புக்கடை ஷர்கி விடுவானா?

"என்ன அண்ணே, அதுக்குக் காய்ச்சல் பாக்குறீங்களா? நாக்க நீட்டச் சொல்லுங்க."

"உன் நாக்க விடவா நீளம்?" என்பார் பூஷைப். அவர் வாரத்தில் ஒருவரிடம் பேசுகிற பேச்சு பல சமயம் அவ்வளவுதான். சனிக்கிழமை பயிற்சிக்கு அவர் வராவிட்டால் பன்னிரண்டு பேர் காத்திருப்பார்கள். அவருக்காகக் காத்திருக்கிற மனிதர்கள் உலகத்தில் அந்தப் பன்னிரண்டு பேர்தான்.

இந்த வருடம் கந்தூரிக்கு முன் வரிசைத் தலைவர் ஹாஜி திபாரி ஒரு விதி போட்டார். போன வருடம் பக்கத்து ஊர் வரிசையில் ஒருவனுக்குக் குழல் பிளந்திருந்தது. "எவன் துப்பாக்கி வெடிக்காம போகுதோ, அவன் எறங்கிடணும். இந்த வருஷம் பூரா. என் மகனா இருந்தாலும் சரி." எல்லாரும் தலையாட்டினார்கள். இறங்கியவனின் இடத்துக்கு அடுத்த வருடம் வேறு ஆள் வந்துவிடுவான் என்பதும் எல்லாருக்கும் தெரியும். பூஷைபுக்கு அறுபத்திரண்டு வயது.

இரண்டாம் நாள் முதல் ஓட்டம் பிரமாதமாக அமைந்தது. ஒரே சத்தம். பெண்கள் குலவையிட்டார்கள். கூடாரத்தில் ஷர்கி, "சொர்க்கத்துலயே ஒருத்தர் காதப் பொத்தியிருப்பார்" என்றான். பூஷைப் கம்பியை விட்டார். அது நாலு விரல் மேலே நின்றது.

எடுத்துவிட்டு மறுபடி விட்டார். அதே நாலு விரல்.

காரணம் அவருக்குத் தெரிந்தது. எண்ணெய். யம்னா போனபிறகு, சுடாத நாட்களிலும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் துப்பாக்கியை மடியில் போட்டு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். வேறென்ன வேலை? "போதும், அது என்ன வாணலியா?" என்று கையைத் தட்டிவிட அவள் இல்லை. அத்தனை எண்ணெயும் வழிந்து குழலின் அடியில் தேங்கியிருக்கிறது. மருந்து போடுமுன் வெறும் கேப்பு இரண்டு வெடித்து அந்த ஈரத்தைக் காயவைக்கவேண்டும். காலையில் அதை மறந்திருந்தார்.

"ஷர்கி, மொத ஓட்டம் எப்படி?"

"ஏன் அண்ணே, நீங்க வேற ஊர்லயா இருந்தீங்க? பதிமூணும் ஒண்ணா விழுந்துச்சு."

பதிமூன்று. பன்னிரண்டு வெடித்ததைப் பதிமூன்று என்கிறான். அவர் இல்லாதது அந்தச் சத்தத்தில் ஒரு மயிரளவும் குறைவாகத் தெரியவில்லை.

புதுக் கேப்பு ஒன்று வைத்தால் போதும். இரண்டாவது ஓட்டத்தில் அந்த மருந்தே ஒருவேளை வெடிக்கும். கேட்க யாருமில்லை. கை பையிலிருந்து கேப்பை எடுத்தும்விட்டது. பழக்கத்தில் கண் தொட்டிப் பக்கம் போயிற்று. மேட்டில் யாரோ ஒருவருடைய கழுதை நின்றிருந்தது. பூஷைப் கேப்பை மறுபடி பைக்குள் போட்டுவிட்டு, ஹாஜியின் கூடாரத்துக்கு நடந்தார்.

ஹாஜி திபாரி கேட்டு முடித்துவிட்டுத் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"யாராவது பாத்தாங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குடா எங்கிட்ட வந்து சொன்னே? கிழட்டுக் கழுத." குரலில் கோபமில்லை. தாடியைத் தடவினார். "நான் எல்லார் முன்னாடியும் வாய் விட்டுட்டேனே, பூஷைபு."

"தெரியும் ஹாஜி."

"குதிரைக்குத் தண்ணி காட்டு. வெயில்ல நிக்காதே."

துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு பூஷைப் மேட்டுக்குப் போய் நின்றார். முப்பத்தொரு வருடத்தில் அந்தத் திடலை அவர் அங்கிருந்து பார்த்ததே இல்லை. அவருடைய வரிசை வந்தது. பன்னிரண்டு பேர், நெருங்கிச் சேர்ந்து. மூன்றாவது இடத்தில் ஷர்கி இருந்தான். யம்னா கேட்டதைத் தானும் கேட்டுப் பார்க்க நினைத்துப் பூஷைப் கண்ணை மூடிக்கொண்டார். ஷர்கியின் சத்தத்தை மட்டும் பிரித்தெடுத்துவிடலாம் என்று காதைக் கூர்மையாக்கினார்.

இடி விழுந்தது. ஒன்றே ஒன்று. அதற்குள் ஷர்கியும் இல்லை, ஹாஜியும் இல்லை, யாரும் இல்லை. எந்தக் காதாலும் முடியாது. அவள் சும்மா சொல்லியிருக்கிறாள்; அந்த ஒருநாள் குருட்டாம்போக்கில் சரியாகப் போயிருக்கும். முப்பது வருடம் தலையில் கை வைத்ததெல்லாம் அவர் மனம் நிறைவதற்காக. பூஷைப் தொட்டிச் சுவரில் உட்கார்ந்தார்.

அடுத்து அப்தா வட்டாரத்து வரிசை ஒன்று வந்தது. இந்த முறை கண்ணை மூட மனமில்லாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். சேணத்தில் எழுந்து நின்றார்கள், குழல்களை உயர்த்தினார்கள், இடி விழுந்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது. பூஷைப் பார்த்தது வேறு. ஒவ்வொரு குழலின் வாயிலிருந்தும் ஒரு வெள்ளைப் பூ விரிந்தது. பூக்கள் ஒன்றோடொன்று கலந்து மேகமாவதற்கு முந்தைய அந்த ஒரு நொடியில், ஆறாவது ஆளின் தலைக்கு மேலே மட்டும் வெறும் வானம் தெரிந்தது.

அவள் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பன்னிரண்டு பேரையும் விட்டுவிட்டு, ஒவ்வொரு ஓட்டத்திலும், கண் இமைக்காமல், இடமிருந்து மூன்றாவது ஆளை.

அப்தாக்காரர்களின் கூடாரம் திடலின் மறுபக்கம். அவர் போய்ச் சேர்ந்தபோது பருத்த மீசைக்காரர் ஒருவர் துப்பாக்கியை முழங்காலுக்கிடையில் நிறுத்தி, மருந்துக் கொம்பின் மூடியைப் பல்லால் திறந்துகொண்டிருந்தார்.

"வரிசையில ஆறாவது ஆள் நீங்கதானே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"உங்களுது வெடிக்கல."

மீசைக்காரர் கூட்டாளிகளைப் பார்த்துக் கண்ணடித்தார். "பெரியவரே, தொப்பி போடாம வெயில்ல உக்காந்துட்டீங்க போல. எனக்கு இன்னும் காது அடைச்சிருக்கு."

"மத்தவங்க வெடிச்சதுல அடைச்சிருக்கும். கம்பிய விட்டுப் பாருங்க. சரியா இருந்தா மருந்தக் கொட்டிக்கோங்க, நான் போயிடறேன்."

சிரித்துக்கொண்டேதான் விட்டார். கம்பி நாலு விரல் மேலே நின்றது. மீசைக்காரர் கொம்பை மெதுவாக மூடினார்.

"எங்க ஆளுங்க பன்னெண்டு பேருக்கும் கேக்கல. உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"எனக்கும் கேக்கல. என் வீட்டுக்காரி அந்தத் தொட்டிகிட்டதான் நிப்பா. அங்கேருந்து பாத்தா புகையில தெரியும்."

மீசைக்காரர் எழுந்து, கண்ணுக்கு மேல் கை வைத்துத் தொட்டிப் பக்கம் பார்த்தார். தூரம் அதிகம், வெயிலில் அங்கே யார் நிற்கிறார்கள், நிற்கவில்லை என்று தெரியாது.

"என் கை அவங்க குடுத்ததுன்னு சொல்லுங்க," என்றார். "சாயங்காலம் ரெண்டு பேரும் வந்து எங்ககூடக் குஸ்குஸ் சாப்பிடணும்."

"சொல்றேன்," என்றார் பூஷைப்.

குதிரையை அவிழ்த்துக்கொண்டு கால்வாய்க் கரை வழியாக வீட்டுக்கு நடந்தார். பின்னால் ஒவ்வொரு வரிசையாக வெடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய்ச் சிவப்பு நூல் கட்டிய கெண்டியில் வெந்நீர் வைக்கவேண்டும். நனைந்த மருந்தைச் சுரண்டி எடுக்கவேண்டும். எண்ணெய், இந்த முறை, இரண்டு சொட்டுப் போதும்.