வாயில் பூதத்தின் சாட்சியம்

பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் நான் வார்டனாக இருக்கும் பெண்கள் விடுதியில், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு விளையாட்டு நடக்கும். முன்பு தங்கியிருந்த ஒரு பெண் வேலை மாறிப் போகும்போது அதன் புத்தகத்தையும் பல முகப் பகடைகளையும் என்னிடம் விட்டுப் போனாள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். புத்தகம் முழுக்க விதிகள். அதனாலேயே எனக்குப் பிடித்துப்போனது. கதை நடத்துவது நான்தான்.

விளையாட வருகிறவர்கள் மூன்று பேர், வல்லம் வடகாலில் ஒரே தொழிற்சாலையில் வேலை. திருநெல்வேலிப் பெண் கதையில் திருடி. மதுரைப் பெண் சூனியக்காரி. மூன்றாமவள் அரக்கி. இரவு ஷிப்ட் முடித்து வருவதால் பாதிக் கதையில் மேசைமேல் தலைசாய்த்துத் தூங்கிவிடுவாள்.

அந்த வாரம் திருநெல்வேலிப் பெண்ணுக்கு என்மேல் கோபம். அடுத்த ஞாயிறு காலை அவளுக்குக் காஞ்சிபுரத்தில் அரசு வேலைக்கான தேர்வு. ஷிப்ட் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தே தயாரானவள். ஆனால் விடுதிப் பெண்கள் ஞாயிறு மாலையில் மட்டும்தான் வெளியே போகலாம். மற்ற நேரமென்றால் பெற்றவர் போனில் சம்மதம் சொல்ல வேண்டும். அவள் முன்னாலேயே அவள் அப்பாவை அழைத்தேன்.

"பரீட்சையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். மாப்ள வீட்ல பேசி முடிச்சாச்சு. வெளிய விட்டீயன்னா நீங்கதான் பதில் சொல்லணும், பாத்துக்கிடுங்க" என்றார்.

விடுதியை நடத்துவது தொழிற்சாலைக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர். அனுமதியில்லாமல் போனால் அறை போகும், அறையோடு வேலையும் போகும். அனுப்பிய வார்டனும் நிலைக்க முடியாது.

"என் கையில இல்லம்மா" என்றேன். 

ஆனாலும் தேர்வுக்கு முந்தைய ஞாயிறன்று விளையாட வந்தாள். முந்தைய வாரக் கதையில் திருடி கோட்டையிலிருந்து வெளியேற மதிலேறிப் பிடிபட்டிருந்தாள். அன்று அவளுக்கு விசாரணை. குற்றச்சாட்டு, சாட்சிகள், தீர்ப்பு என எல்லாம் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். தீர்ப்பு பாதாளச் சிறை. அடுத்த கதை அங்கேதான் தொடங்க வேண்டியிருந்தது.

நீதிபதியின் குரலில் குற்றச்சாட்டைப் படித்தேன்.

"ஒத்துக்கிடுதேன்" என்றாள் திருடி.

"அடியே! எடுத்ததுமே ஒத்துக்கிறவளுக்கு வக்கீலு ஒரு கேடா?" அவளுக்காக வாதாட வந்திருந்த மதுரைக்காரி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "மேடம், நீதிபதியத் தவளையாக்க மந்திரம் போடுறேன்."

"நீதிமன்றத்துக்குள் மந்திரம் பலிக்காது."

"அதெல்லாம் கரெக்டா எழுதி வச்சிருவீங்களே. ஜன்னலு?"

"கம்பி போட்டது."

"நம்ம ஹாஸ்டல்னு சொல்லுங்க."

அரக்கி தலையைத் தூக்காமலே சிரித்தாள்.

"எனக்குத் தப்பிக்க வேண்டாம்" என்றாள் திருடி. "சாட்சிய விசாரிக்கணும். வாசல்ல நிக்குத பூதத்தக் கூப்பிடுங்க."

கோட்டை வாசலைக் காக்கும் பூதத்தை நான் சாட்சியாக ஒரே ஒரு வரிக்காக வைத்திருந்தேன். குரலைத் தடிமனாக்கி அதைச் சொன்னேன்: "இவள் மதிலேறியதைப் பார்த்தேன்."

"நா ஏன் வாசல் வழியாப் போகல?"

"வாசல் பூட்டியிருந்தது."

"சாவி யாருகிட்ட?"

"என்னிடம்."

"தொறந்து விடுங்கன்னு கேட்டனா இல்லையா?"

"கேட்டாய். ராஜாவின் உத்தரவு இல்லை."

"ராஜாவ நீங்க பாத்திருக்கீயளா?"

காண்ட்ராக்டரை நான் பார்த்ததில்லை. ஆபீசிலிருந்து யாராவது போன் செய்வார்கள், அவ்வளவுதான்.

"இல்லை" என்றது பூதம்.

"நீங்க கடைசியா எப்போ கோட்டைக்கு வெளிய போனீய?"

எனக்கு வார விடுமுறை உண்டு. மாற்று ஆள் வந்தால் எடுத்துக்கொள்ளலாம். மாற்று ஆள் வருவதில்லை. ஆஸ்பத்திரி, மருந்துக்கடை தவிர நான் எங்கும் போனதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் அண்ணன் வீடு ஷேர் ஆட்டோவில் போகிற தூரம்தான். கோயில் உற்சவத்துக்குக்கூட அங்கே போக முடியவில்லை. என் அறை ஜன்னலிலும் அதே கம்பிதான். அதன் வழியே கேட் மட்டும் தெரியும்.

"நினைவில் இல்லை" என்றேன்.

"பாவம்டி பூதம், விட்ரு" என்றாள் மதுரைக்காரி.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன். பூதம் வெளிய போகயில கூட ஒருத்தி போனா, அது தப்பா?"

யாருக்காவது காய்ச்சலென்றால் நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவேன். வார்டனுடன் போகிறவளுக்கு வேறு யார் அனுமதியும் வேண்டாம் என்பது விடுதி விதி. எனக்கு மனப்பாடமான விதி. ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்று அதில் எங்கும் இல்லை என்பதை அன்றுதான் கவனித்தேன்.

கதை நடத்துபவருக்குப் பதில் தெரியாவிட்டால் பகடை உருட்டலாம். நான் பகடையை எடுத்தேன். அவள் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பகடை வேண்டாம் மேடம். பூதமே சொல்லட்டும்."

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது.

"தப்பில்லை" என்றேன். குரலை மாற்ற மறந்துவிட்டேன்.

தீர்ப்பை நான் மாற்றவில்லை. மதிலேறியது உண்மைதானே. "இம்புட்டுப் பேசியும் உள்ளதானா!" என்று மதுரைக்காரி கத்தினாள். "கெடக்கட்டும்" என்றாள் திருடி.

அடுத்த ஞாயிறு காலை நாங்கள் இருவரும் கேட்டுக்கு வந்தோம்.

"இன்னா மேடம், ஆஸ்பத்திரிக்கா?" என்றார் வாட்ச்மேன்.

"இல்லை, காஞ்சிபுரத்துக்கு. பரீட்சை."

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆபீசுல கேட்டா இன்னா சொல்றது?"

"வார்டன்கூட ஒரு பொண்ணு போயிருக்குன்னு சொல்லுங்க."

"உங்களுக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

"தெரியலை" என்றேன். அவர் கேட்டைத் திறந்தார்.

தேர்வு நடந்த பள்ளிக்கு எதிரே, மர நிழலில் பெற்றோர்கள் டிபன் டப்பாக்களோடு காத்திருந்தார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்தேன். தேர்வு தொடங்கியதும் பள்ளி கேட்டைப் பூட்டினார்கள். சற்று நேரத்தில் ஆபீசிலிருந்து போன் வந்தது. மகளின் போன் அணைந்திருந்ததால் சந்தேகப்பட்டு அவள் அப்பா அவர்களை அழைத்திருந்தார்.

"அனுமதியில்லாம எப்படி அனுப்பினீங்க?"

"அனுப்பலை சார். கூட்டிட்டு வந்தேன்."

"நாளைக்கு ஆபீசுக்கு வாங்க. விசாரிக்கணும்."

குற்றச்சாட்டு எனக்குத் தெரியும். தீர்ப்பையும் இதற்குள் எழுதி வைத்திருப்பார்கள், நான் எழுதி வைத்ததைப் போலவே. வேலை போனால் அண்ணன் வீட்டைத் தவிர எனக்கு வேறு இடமில்லை.  பூட்டிய கேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மணியடித்ததும் அவள் கூட்டத்தில் இடித்துக்கொண்டு வந்தாள். விரலெல்லாம் மை.

"எப்படிம்மா எழுதின?"

"ஒண்ணையும் விடல மேடம்." என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். "ஆபீஸா?"

"நாளைக்கு விசாரணையாம்."

என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு, "நாளைக்கு எனக்கு மத்தியான ஷிப்டுதான்" என்றாள். "சாட்சிக்கு நா வாரேன்."